பாரீஸுக்கு எத்தனை மணி நேரம்?

வில்லியனூரிலிருந்து பாகூர் எவ்வளவு தூரம் என்று நம் பக்கத்தில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். கிலோ மீட்டரில் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். "பஸ்ஸிலே ஒரு மணி நேரம் ஆகும்" என்பார்கள். தூரத்தை நேரத்தால் அளப்பதுதான் நமக்குப் பழக்கம். அதே மாதிரி, "உங்க தங்கச்சி இருக்கிற பாரீஸுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்று என்னிடம் கேட்கிற சகோதரிகள் ஏராளம். "பத்து மணி நேரமாமே?" என்று அவர்களே பதிலும் சொல்லிக் கொள்வார்கள்.

அந்தப் பத்து மணி நேரம் பொய்யில்லை. ஆனால் அதை நம்பிக் கொண்டு வயதான தாயாரையோ, கைக்குழந்தையையோ அழைத்துக் கொண்டு கிளம்பினால் கஷ்டப்பட்டுப் போவோம். பிள்ளைப்பேறு பார்க்கப் போகிற தாய்மார்களும், குழந்தையோடு கணவரிடம் போகிற இளம் பெண்களும் நம் கொம்யூன்களில் நிறையப் பேர் இருப்பதால், எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் தூரம். சென்னையிலிருந்து பாரீஸ் சுமார் 8,000 கிலோ மீட்டர். வீட்டில் பிள்ளைகளின் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்துச் சென்னையில் ஒரு முனை, பாரீஸில் ஒரு முனை வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் மகாராஷ்டிரம், பாகிஸ்தான், ஈரான் வழியாக ஏறிக் கருங்கடல் பக்கமாகப் போவதைப் பார்க்கலாம். சரிபாதி தூரம் ஈரானின் வடக்கே, காஸ்பியன் கடல் ஓரத்தில் வருகிறது. சுவரில் மாட்டுகிற தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால், அது அரபு நாடுகள் மேலே போவது போலத் தெரியும். உருண்டையைத் தட்டையாக்கியதால் வந்த கோளாறு அது. என் பெண் பள்ளிக்கூடத்தில் படித்து வந்து சொல்லிக் கொடுத்தது இது. நூல் பிடித்துப் பார்த்த பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

பெரிய விமானம் மணிக்கு ஏறக்குறைய 900 கிலோ மீட்டர் பறக்கிறது. அந்தக் கணக்கில் ஒன்பது மணி நேரம். ஏறுவது, இறங்குவது, எதிர்க்காற்று எல்லாம் சேர்ந்து பத்து, பத்தரை ஆகிவிடும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமான காற்று வீசிக் கொண்டிருப்பதால் போகும்போது நேரம் அதிகம், திரும்பி வரும்போது கொஞ்சம் குறைவு. வானத்திலும் சாலை மறியல் உண்டு. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வழியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, டெல்லியிலிருந்து ஐரோப்பா போன இந்திய விமானங்கள் சுற்றிக் கொண்டு போக வேண்டி வந்தது.

நிற்காமல் போகிற விமானத்துக்குத்தான் இந்தப் பத்து மணிக் கணக்கு. நம்மவர்கள் பெரும்பாலும் டிக்கெட் விலையைப் பார்த்து துபாய், தோஹா, அபுதாபி என்று ஏதாவது ஓர் ஊரில் மாறித்தான் போகிறோம்.

பழைய நாளில் இதெல்லாம் ஏது? 1869-ல் சூயஸ் கால்வாய் திறப்பதற்கு முன் ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கொண்டு மாதக் கணக்கில் கப்பலில் போக வேண்டும். கால்வாய் வந்த பிறகு மார்சேய் துறைமுகத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் என்று ஆயிற்று. நம் வில்லியனூர் மாதா கோயிலில் இருக்கிற லூர்து மாதா சுரூபம் 1877-ல் பிரான்சிலிருந்து கப்பலில் வந்ததுதான். நம் ஊர்ச் சொல்தாக்கள் சைகோனுக்கும் பிரான்சுக்கும் போனதும் கப்பலில்தான். 1954 நவம்பர் 1-ல் புதுச்சேரி இந்திய நிர்வாகத்துக்கு வந்து, 1962 ஆகஸ்ட் 16-ல் ஒப்பந்தம் சட்டப்படி அமலானபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அவர்களுக்கு வாழ்க்கைப்பட்ட பெண்கள் என்று இன்று வில்லியனூரிலும் பாகூரிலும் எத்தனை குடும்பங்களுக்கு அங்கே ஒரு கால், இங்கே ஒரு கால்! என் தங்கையும் அப்படி வாழ்க்கைப்பட்டுப் போனவள்தான். பாரீஸுக்கு வடக்கே சார்செல் என்கிற ஊரில் இருக்கிறாள்.

வாசலிலிருந்து வாசலுக்கு

2023 ஜனவரியில் தங்கையின் பிரசவத்துக்காக நானும் அம்மாவும் போனோம். அம்மாவுக்கு அப்போது 68 வயது. சர்க்கரை வியாதி, முழங்கால் வலி. அதற்கு முன் அவள் பார்த்த அதிகபட்ச தூரம் திருப்பதி!

வில்லியனூரில் இரவு ஒன்பது மணிக்குக் கார் ஏறினோம். திண்டிவனம் வழியாகச் சென்னை விமான நிலையம் சேர நள்ளிரவு ஆகிவிட்டது. மூன்று மணி நேரம் முன்பே வரச் சொல்வதால் நாற்காலியில் உட்கார்ந்து கொண்டே பாதி ராத்திரி போயிற்று. விடியற்காலை நாலு மணிக்கு விமானம். நாலேகால் மணி நேரத்தில் துபாய். அங்கே ஒன்றே முக்கால் மணி நேரம் காத்திருப்பு. காத்திருப்பு என்று பேர்தானே தவிர, ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு நடை, ரயில், மறுபடி சோதனை என்று அதுவும் ஓட்டம்தான். பிறகு ஏழேகால் மணி நேரம் பறந்து பாரீஸ் சார்ல் தெ கோல் விமான நிலையம். பாஸ்போர்ட் வரிசை, பெட்டி வருகிற வரிசை எல்லாம் முடிந்து, தங்கை வீட்டுக் கதவைத் தட்டும்போது அங்கே பிற்பகல் மூன்றரை. நம் ஊரில் இரவு எட்டு.

ஆக, விமானத்தில் இருந்தது பதினொன்றரை மணி நேரம். வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்கு 23 மணி நேரம்! மாத்திரை, சாப்பாடு, குழந்தைத் துணி எல்லாவற்றையும் இந்த 23-க்குத் திட்டம் போட வேண்டுமே தவிர, பத்துக்கு அல்ல. விமானம் தாமதமானால் முப்பதுகூட ஆகலாம். ஒன்றே முக்கால் மணி நேர இடைவெளியும் வயதானவர்களுக்குப் போதாது. டிக்கெட் எடுக்கும்போதே மூன்று மணி நேரம் இருக்கிற மாதிரி பார்த்துக் கொள்ளுங்கள். சக்கர நாற்காலி வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்தால் இலவசமாகவே தருகிறார்கள். "நான் என்ன நொண்டியா?" என்று அம்மா முதலில் முறுக்கிக் கொண்டாள். துபாயின் நீளத்தைப் பார்த்த பிறகு வாயைத் திறக்கவில்லை.

உடம்பு என்ன ஆகிறது?

விமானம் பத்துப் பன்னிரண்டு கிலோ மீட்டர் உயரத்தில் பறக்கிறது. உள்ளே காற்றை அழுத்தி வைத்திருந்தாலும், ஆறாயிரம் எட்டாயிரம் அடி மலை மேல் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். ஊட்டியில் இருப்பது போல என்று வைத்துக் கொள்ளுங்கள். ஆனால் ஊட்டியின் ஈரம் அங்கே கிடையாது. காற்று மிகவும் வறண்டது. உதடு வெடிக்கும், தொண்டை காயும், கண் எரியும். பாத்ரூமுக்கு எழுந்து போக வேண்டுமே என்று நம் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. இது ரொம்பக் கெடுதல். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்க வேண்டும். எழுந்து போவதும் நல்லதற்குத்தான்.

ஏனென்றால் காலைத் தொங்கப் போட்டு மணிக் கணக்கில் அசையாமல் இருந்தால் கெண்டைக்கால் நாளத்தில் ரத்தம் தேங்கி உறையக் கூடும். நாலு மணி நேரத்துக்கு மேற்பட்ட பிரயாணத்தில் இந்த அபாயம் கூடுகிறது என்கிறார்கள். எல்லாருக்கும் வருவதில்லை. ஆனால் கர்ப்பிணிகள், பிரசவமாகிச் சில வாரங்களே ஆனவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், முன்பே கால் நாளத்தில் ரத்தம் உறைந்தவர்கள் ஆகியோருக்கு மற்றவர்களைவிட அதிகம். மணிக்கொரு தரம் எழுந்து நாலு அடி நடக்க வேண்டும். உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும், தையல் மெஷின் மிதிக்கிற மாதிரி அசைக்கலாம். அம்மாவுக்கு இந்த உவமை உடனே பிடிபட்டது. முப்பது வருஷம் மெஷின் மிதித்த காலாயிற்றே! இறங்கிய பிறகு இரண்டு பாதமும் கொஞ்சம் வீங்கியிருப்பது சகஜம், ஓரிரு நாளில் வடிந்துவிடும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். அழுத்தமான காலுறைகள் விற்கிறார்கள். அவற்றை டாக்டர் சொன்னால் மட்டும் வாங்குங்கள்.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். மேற்கே போகும்போது அந்த நாள் நீண்டுவிடுகிறது. குளிர்காலத்தில் நம் கடிகாரத்தைவிடப் பிரான்ஸ் நாலரை மணி நேரம் பின்னால். ஒரு நாளுக்கு 24 மணிக்குப் பதில் இருபத்தெட்டரை மணி நேரம்! திரும்பி வரும்போது பத்தொன்பதரைதான். இன்சுலின் போடுகிறவர்கள், மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எந்த வேளையை எப்போது எடுத்துக் கொள்வது என்று புறப்படும் முன் டாக்டரிடம் எழுதியே வாங்கிக் கொள்ள வேண்டும். நாமாக ஒரு வேளை கூட்டுவதோ குறைப்பதோ கூடாது. எங்கள் டாக்டர் ஒரு துண்டுத் தாளில் நம் ஊர் மணியிலேயே எழுதிக் கொடுத்தார். அம்மா கையில் கட்டியிருந்த கடிகாரத்தை பாரீஸ் போய்ச் சேரும்வரை மாற்றவே இல்லை. மருந்துகள் எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். பெரிய பெட்டியில் போட்டால் அது வேறு ஊருக்குப் போய்விடலாம். இன்சுலின் அடியறைக் குளிரில் உறைந்து கெட்டும் போகலாம். மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப் பெயரும் இருக்கட்டும். அந்த ஊர் மருந்துக் கடையில் நம் கம்பெனிப் பெயர் புரியாது.

இளம் தாய்மார்களுக்கு: விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் காற்றழுத்தம் மாறிக் குழந்தைக்குக் காது வலிக்கும். அந்த நேரத்தில் பால் கொடுத்துவிட்டால் விழுங்க விழுங்கக் காது திறந்து கொள்ளும். இறங்குவதற்கு அரை மணி முன்பே விமானம் தாழத் தொடங்கிவிடுவதால், பால் நேரத்தை அதற்காகக் கொஞ்சம் தள்ளி வைத்துக் கொள்ளுங்கள். முன் சுவரில் மாட்டுகிற தொட்டில் உண்டு. சில இடங்களுக்குத்தான் இருக்கும் என்பதால் டிக்கெட் எடுக்கும்போதே கேட்டு விடுங்கள். குழந்தையின் பால், மருந்து ஆகியவற்றுக்கு 100 மில்லி கட்டுப்பாடு கிடையாது. கர்ப்பிணிகளுக்கு 28 வாரம் தாண்டினால் டாக்டர் கடிதம் கேட்பார்கள். பெரும்பாலான கம்பெனிகள் 36 வாரத்துக்கு மேல் ஏற்றுவதில்லை, இரட்டைக் குழந்தை என்றால் 32 வாரம்தான். கம்பெனிக்குக் கம்பெனி மாறும், விசாரித்துக் கொள்ள வேண்டும்.

பிரசவம் பார்க்கப் போகிறவர்கள் தேதியை ஒட்டி டிக்கெட் எடுக்காதீர்கள். மூன்று வாரமாவது முன்னால் போய்ச் சேர வேண்டும். விசாவில் தங்குகிற காலம் ஆறு மாதத்துக்குள் மொத்தம் 90 நாள்தான் என்பதால் இரண்டு பக்கமும் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்ஷூரன்ஸும் கேட்பார்கள். அங்கே சுகப் பிரசவமானால் மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மருத்துவச்சியே வீட்டுக்கு வந்து தாயையும் குழந்தையையும் பார்க்கிறாள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. நெய், பால்கோவா, இறைச்சி எதையும் ஐரோப்பாவுக்குள் கொண்டு போகக் கூடாது. கறிவேப்பிலையும் கூடாது. மிளகாய்த் தூள், புளி, அப்பளம் எல்லாம் லா ஷாப்பெல் பக்கத்து இலங்கைத் தமிழர் கடைகளிலேயே கிடைக்கின்றன. அம்மா மூட்டை கட்டிய இரண்டு கிலோ நெய்யைப் புறப்படுகிற அன்று நான் வெளியே எடுத்து வைத்தேன். பச்சை உடம்புக்காரிக்கு நெய் இல்லாமலா என்று அம்மா துபாய் வரை முணுமுணுத்தாள். அங்கே நல்ல வெண்ணெய் கிடைக்கிறது, உருக்கினால் நெய்தானே!

போய்ச் சேர்ந்த பிறகும் உடம்பின் கடிகாரம் வில்லியனூரிலேயே நிற்கும். முதல் நாள் ராத்திரி ஒன்றரை மணிக்கு அம்மா எழுந்து உட்கார்ந்து, "ஏண்டி, இன்னும் விடியலையா?" என்றாள். நம் ஊரில் அப்போது காலை ஆறு. ஜனவரியில் அங்கே பொழுது விடிவதோ எட்டரை மணிக்கு மேல். அவள் ஏழு மணி நேரம் காத்திருந்தாள், பாவம். பகலில் கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் நடக்க வேண்டும், அந்த ஊர் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், பகல் தூக்கம் அரை மணிக்கு மேல் கூடாது. நாலைந்து நாளில் சரியாகிவிடுகிறது. திரும்பி வந்த பிறகு சரியாக இன்னும் கூடுதல் நாள் பிடித்தது. கிழக்கே வருவது உடம்புக்குக் கஷ்டம் என்று டாக்டரும் சொன்னார். போன் பேசுகிறவர்கள் ஒன்று நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்: மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை முதல் அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை வரை வித்தியாசம் மூன்றரை மணி நேரம், மற்ற மாதங்களில் நாலரை.

துக்கம் என்றால்

சந்தோஷ காரியத்துக்குத் திட்டம் போட நாள் இருக்கிறது. துக்கத்துக்கு ஏது? நம் தெருக்களில் பெரியவர்கள் யாராவது போய்விட்டால் அழுகைக்கு நடுவிலேயே எழுகிற முதல் கேள்வி, "பிரான்சுக்குச் சொல்லியாச்சா? பையன் எப்ப வருவான்? எப்ப எடுக்கறது?" என்பதுதான்.

2018 டிசம்பரில் என் மாமியார் ஒரு திங்கட்கிழமை இரவு பதினொரு மணிக்கு இறந்தார். என் கணவர் மூத்தவர். தம்பிகள் இரண்டு பேரும் பிரான்சில். அங்கே அப்போது மாலை ஆறரை. "பத்து மணி நேரம்தானே, நாளைக்கு மத்தியானம் வந்துடுவாங்க, சாயங்காலம் எடுத்துடலாம்" என்றார்கள் தெருப் பெரியவர்கள். அன்றிரவு கிளம்புகிற விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. மறுநாள் காலை பதினொரு மணி விமானத்தில்தான் கிடைத்தது. அது நம் கணக்கில் பிற்பகல் மூன்றரை. நடுவில் மாறி, சென்னைக்கு புதன் விடியற்காலை ஐந்து மணி. வெளியே வர ஆறு. வில்லியனூர் வர ஒன்பது. சேதி சொன்னதிலிருந்து வாசலில் வந்து நிற்க 34 மணி நேரம்!

என் கணவர் யார் பேச்சையும் கேட்காமல், தம்பி டிக்கெட் நம்பரை அனுப்பிய பிறகுதான் நேரம் குறித்தார். ஐஸ் பெட்டிக்கு இரண்டு நாளைக்குச் சொல்லி, புதன் மதியம் எடுப்பு என்று எல்லாருக்கும் சொல்லி அனுப்பினார். கொழுந்தனார் வந்து, "அண்ணி, எனக்காகக் காத்திருந்தீங்களே" என்று என் கையைப் பிடித்துக் கொண்டு அழுதது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

வந்தது ஒருவர்தான். சின்னவர் வரவில்லை. டிக்கெட் கிடைக்காமல் இல்லை. அவர் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கியவர். இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஒப்புக் கொள்வதில்லை. ஆகவே பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டோடு வருகிறவர், வில்லியனூரிலேயே பிறந்தவரானாலும், விசா இருந்தால்தான் விமானம் ஏற முடியும். பழைய விசா முடிந்து போயிருந்தது. புதிதாக வாங்க நாட்கள் ஆகும். அம்மாவின் முகத்தை அவர் போனில்தான் பார்த்தார். என் பெண் போனைப் பிடித்துக் கொண்டு கடைசிவரை நின்றாள்.

இதற்கு ஓ.சி.ஐ. அட்டை என்று ஒன்று இருக்கிறது. அது கையிலிருந்தால் ஆயுள் முழுவதும் விசா இல்லாமல் வந்து போகலாம். முன்பு இந்தியக் குடிமகனாக இருந்தவர்கள் மட்டுமல்ல, 1947 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு இந்தியாவோடு சேர்ந்த பகுதியைச் சேர்ந்தவர்களும், அவர்களுடைய பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் வரைக்கும் விண்ணப்பிக்கலாம். நம் புதுச்சேரிக்காரர்களுக்கென்றே எழுதி வைத்த மாதிரி இருக்கிறது. தாத்தா பாட்டியின் பிறப்புச் சான்றிதழ், பழைய பிரெஞ்சு அரசுப் பதிவுகள் எல்லாம் இதற்கு உதவும். அவை பெரும்பாலும் நம் வீட்டு டிரங்குப் பெட்டியில்தான் இருக்கும், பாரீஸில் இருக்காது. தேடி எடுத்து நகல் அனுப்ப வேண்டியது இங்கே இருக்கிற நாம்தான். எங்கள் வீட்டில் மாமனாரின் தாள்கள் அரிசிக் குதிருக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டியில் கிடைத்தன.

சின்னவர் விசா வாங்கி, பதினாறாம் நாள் கருமாதிக்குத்தான் வந்தார். போகும்போது அந்தத் தாள்களின் நகலைக் கையோடு எடுத்துப் போனார். இப்போது அவரிடம் மட்டுமல்ல, அவருடைய இரண்டு பெண் குழந்தைகளிடமும் அட்டை இருக்கிறது.